சஞ்சிகைத் தலைமையில் பெண்கள்: எண்ணும் முறையும் மாற்றும் வழியும்

ஆசிரியர் குழுவில் பாதிப்பேர் பெண்கள் என்பதை வைத்து மட்டும் ஒரு ஆய்வுச் சஞ்சிகையை மதிப்பிட முடியாது. ஒரு கட்டுரையை ஏற்பதா, நிராகரிப்பதா என்று கடைசியில் முடிவெடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். எல்செவியரின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சஞ்சிகைகளை அலசி 2023இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ வெளியிட்ட ஆய்வில், கட்டுரையாளர்களில் பெண்கள் 26 வீதம், பதிப்பாசிரியர்களில் 14 வீதம், பிரதம ஆசிரியர்களில் 8 வீதம். எனவே பதவிவாரியாக எண்ணுங்கள். ஆலோசனைக் குழுவை மற்றவற்றோடு சேர்க்கவே வேண்டாம். அதில் பலர் பெயரளவில்தான் இருப்பார்கள்.

10 வருட இதழ்களை எடுங்கள். இணையத்தில் பெரும்பாலும் இன்றைய குழு மட்டுமே இருக்கும். கட்டுரைகளைத் தனித்தனி பீடிஎஃப்பாக ஏற்றும் தளங்களில், ஆசிரியர் குழுவின் பெயர்கள் வரும் முன்பக்கங்கள் பெரும்பாலும் கிடைக்காது. அச்சுப் பிரதிக்கு உங்கள் பல்கலைக்கழக நூலகம், அங்கில்லையென்றால் கொழும்பு சுதந்திர அவெனியூவிலுள்ள தேசிய நூலகம். எக்செல்லில் ஒருவருக்கு, ஒரு பதவிக்கு, ஒரு வருடத்துக்கு ஒரு வரி: அச்சிட்டபடியே பெயர், பதவி, நிறுவனம், பால், அது எப்படித் தெரியவந்தது.

பிழைகள் அதிகம் நுழைவது பெயரில்தான். கவிதா என்பவர் கணவர் பெயரோடு ‘கே. சிவகுமார்’ என்று அச்சில் வந்தால், பெயரை வைத்துப் பாலை ஊகிக்கும் மென்பொருள் அவரை ஆணாகவே எழுதிவிடும். திருமணத்துக்கு முன் தந்தை பெயரோடு வந்தவரும் இவரும் இருவராக எண்ணப்படுவதும் உண்டு. ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் (ORCID) இலக்கம் இருந்தால் அதை வைத்து ஒன்றாக்குங்கள். பீடத்தின் இணையப் பக்கத்தைப் பாருங்கள், மின்னஞ்சலில் அவரிடமே கேளுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே பதியுங்கள். 20 பேரில் 9 பெண்கள், 3 பேர் தெரியாது என்றால் விடை 45 முதல் 60 வீதம் வரை. அந்த இடைவெளியையே வெளியிடுவதுதான் நேர்மை. எட்டுப்பேர் கொண்ட குழுவில் ஒருவர் மாறினாலே 12.5 வீதப் புள்ளிகள் மாறும் என்பதால் வீதத்தோடு தலைக்கணக்கையும் கொடுங்கள். பிரதம ஆசிரியர்கள் 10 வருடத்தில் மூன்று, நான்கு பேர்தான் இருப்பார்கள். அங்கே ஆட்களை அல்ல, பதவியிலிருந்த வருடங்களை எண்ணுங்கள்.

பிறகு ஒப்பீடு. கடந்த ஐந்து வருடக் கட்டுரையாளர்களோடும், அத்துறையின் சிரேஷ்ட விரிவுரையாளர்கள், பேராசிரியர்களோடும் ஒப்பிடுங்கள். பட்டதாரி மாணவிகளின் தொகையோடு ஒப்பிட்டால், அந்தப் பதவிக்கு இன்னும் தகுதி பெறாதவர்களும் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

மாற்றத்தைச் சஞ்சிகையின் யாப்பில், அதாவது அதன் விதிமுறைகளில், எழுதுங்கள். பிரதம ஆசிரியருக்கு மூன்று வருடம், ஒரு தடவை மட்டும் நீடிப்பு. கால எல்லை இல்லாத இடத்தில் வெற்றிடமே வராது. வந்தாலும் இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைத்தான் அழைப்பார். விண்ணப்பம் கோரும் அறிவித்தலை ஆறு வாரம் திறந்து வையுங்கள், தகுதிகளை முன்கூட்டியே எழுத்தில் போடுங்கள். சஞ்சிகை நடத்தும் மென்பொருளான ஓஜேஎஸ் (OJS) பயன்படுத்தினால், ஒவ்வொரு மீளாய்வாளரும் முடித்த மீளாய்வுகளும் அதற்கு எடுத்த சராசரி நாட்களும் அதிலேயே தெரியும். ஒழுங்காகச் செய்துவரும் பெண்களை அந்தப் பட்டியலில் தேடி, விண்ணப்பிக்கச் சொல்லி நேரடியாக எழுதுங்கள்.

அடிக்கடி நடக்கும் அநியாயம் ஒன்றுண்டு: கடிதம் எழுதுவது, அச்சுப்படி திருத்துவது, தாமதித்தவர்களுக்கு நினைவூட்டுவது எல்லாம் ஒரு இளம் விரிவுரையாளரின் தலையில், பதவிப்பெயர் வேறொருவருக்கு. அந்த வேலைகளைச் செய்பவரை இணை ஆசிரியர் என்று அச்சிட்டு, வருடத்துக்குச் சில கட்டுரைகளிலாவது முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கொடுங்கள். பிரதம ஆசிரியர் தேர்வில் அந்த அனுபவம்தான் கேட்கப்படும். கூட்டங்களை மாலை ஆறு மணிக்கு வைக்காதீர்கள். பகலில், ஸூமிலும் இணையக்கூடியதாக வையுங்கள்.

கணக்கை ஒவ்வொரு வருடமும் முதல் இதழில் மொத்த எண்களாக அச்சிடுங்கள். தனியாட்களின் விபரம் கொண்ட எக்செல் கோப்பைப் பகிர வேண்டாம்; இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, கடவுச்சொல் இட்டு ஒருவர் பொறுப்பில் மட்டும் வையுங்கள்.