போதுமென்ற மனதைப் பழகுவது எப்படி

‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற வசனத்தைச் சென்னையில் ஆட்டோக்களின் பின்புறத்திலும் வீட்டுக் காலண்டர்களிலும் காண்கிறோம். தேர்வுக்கும் நேர்காணலுக்கும் புறப்படும் பிள்ளைகளுக்கு அதையே சொல்லி அனுப்புகிறோம். இந்த வசனம் வருவது, பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தில்; அதன் 4-ஆம் அதிகாரத்தை 11-ஆம் வசனத்திலிருந்து தொடர்ந்து வாசித்தால், சிறையிலிருந்து எழுதிய பவுல் அந்தப் பெலனை எதைக் குறித்துச் சொன்னார் என்பது விளங்கும். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தாம் கற்றுக்கொண்டதாக அவர் எழுதுகிறார். போதுமென்ற மனம் அவருக்கே பழகி வந்த ஒன்று என்பதால், நாமும் நாள்தோறும் பழகித்தான் அதை அடைய முடியும்.

காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லி, ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்ற இடத்தில் நிறுத்துங்கள். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கடன் தவணை என்று மாதம் முழுவதற்குமான கவலைகள் அந்நேரத்தில் ஒன்றாகத் திரண்டு வரும். அவற்றில் இன்றைக்கு உரியது எது என்று பிரித்து, அதை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் தந்த உணவாகிய மன்னா கிடைத்ததும் இந்த அளவில்தான். ஒவ்வொருவரும் அன்றன்றைக்கு வேண்டியதைச் சேர்த்தார்கள். மறுநாளுக்கென்று சிலர் மீதி வைத்ததில் புழு நெளிந்தது. ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு கிடைத்தது, ஓய்வுநாளுக்காக அதை வைத்திருந்தபோதோ அது கெடவில்லை. ஆகவே சேமிப்பதையும் சீட்டுக் கட்டுவதையும் இந்தச் சம்பவம் தடுப்பதாக நான் கருதவில்லை. நாளைய தினத்தைப் பற்றிய அச்சத்தால் இன்றைய உணவை ருசிக்காமல் விழுங்குவதையே அது கண்டிக்கிறது.

இரவில், குடும்ப ஜெபத்தின்போது, ‘எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்’ என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாமல், அன்று நடந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லி நன்றி கூறுங்கள். தண்ணீர் லாரி வந்தது, தாம்பரம் மின்சார ரயிலில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார், காய்ச்சல் இறங்கியது என்பவை போதும். சிறு பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள். அவர்களையே முதலில் பேச விடுங்கள். 103-ஆம் சங்கீதம் ‘அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே’ என்று ஆத்துமாவுக்குக் கட்டளையிடுவதும், மறதியே நம் இயல்பு என்பதால்தான்.

உறவினர் வாங்கிய அடுக்குமாடி வீட்டின் படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும்போது மனம் கலங்கினால், அந்த வீட்டாருக்காக அப்போதே பெயர் சொல்லி ஜெபியுங்கள். முதலில் கடினமாகத்தான் இருக்கும்.

கொடுப்பதையும் விட்டுவிடக் கூடாது. சோறு வடிக்கும் போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே சேர்த்து, சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் கைப்பிடி அரிசிப் பழக்கம் நம் சபைகளில் உண்டு. வருமானம் குறைந்த வீட்டிலும் தினமும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்பதைக் கையால் உணரச் செய்யும் இந்தப் பழக்கத்தை மீண்டும் தொடங்குவது, பெரிய தொகையை எப்போதாவது கொடுப்பதைவிட மனதை அதிகம் மாற்றும் என்று நம்புகிறேன்.

இருப்பது போதும் என்பது அநியாயத்தைச் சகித்துக்கொள் என்று பிறருக்குச் சொல்லும் புத்திமதியாக ஒருபோதும் மாறக் கூடாது. கூலிக்காரருக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தில் கடுமையாக எழுதியிருக்கிறார்; வரவேண்டிய சம்பளத்தைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. துயரத்தை மறைத்துச் சிரிக்கவும் தேவையில்லை. ‘கர்த்தாவே, எதுவரைக்கும்’ என்று கேட்கும் 13-ஆம் சங்கீதத்தை உங்கள் ஜெபமாகவே சொல்லலாம். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவியைப் பவுல் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார் என்பதால், தேவையில் இருக்கும்போது ஆயரிடமோ சபையின் மூப்பர்களிடமோ வெளிப்படையாகச் சொல்லுங்கள். உறக்கமும் பசியும் கெட்டு, வாரக்கணக்கில் மனச்சோர்வு நீடித்தால், ஜெபத்தோடு மருத்துவரையும் தாமதமின்றிப் பாருங்கள்.