பழைய பஸ்ஸை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1920-லேயே ஜி.டி. நாயுடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் பஸ் ஓட்டிய மண் இது. கரூரில் இன்றைக்கும் பஸ் பாடி கட்டுகிறார்கள். கோவை லேத் பட்டறைகளில் கடையில் கிடைக்காத பாகத்தைக்கூடக் கடைந்து வாங்கிவிடலாம். பழைய பஸ்ஸை மீட்க நினைக்கும் தன்னார்வலர்களுக்குக் கொங்கு நாட்டைவிடத் தோதான இடம் கிடையாது. அப்படியும் வேலை பாதியில் நிற்கிறதென்றால், பெரும்பாலும் ஆரம்பத்து அவசரம்தான் காரணம்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆளுக்கொரு ஸ்பேனரோடு இறங்கி எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எந்த போல்ட் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கழற்றும் முன் படம் எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் நட்டு போல்ட்டையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பழைய லேலண்டில் அங்குல அளவு மரை இருக்கும். அதில் மில்லிமீட்டர் போல்ட்டை வைத்து முறுக்கினால் மரை போய்விடும்.

இதைவிடப் பெரிய தவறு, உளுத்த மரச்சட்டத்தையும் துரு தின்ற தகரத்தையும் குப்பை என்று தூக்கிப்போடுவது. அந்தக் காலத்துப் பாடிக்கு வரைபடம் தேடினாலும் கிடைப்பது அரிது. கூரை வளைவுக்கும் ஜன்னல் ஓர அளவுக்கும் அந்த உளுத்த துண்டுதான் மாதிரி. "ஏனுங்க, பழசு ஒண்ணு இருந்தாக் கொண்டாங்க, பாத்துச் செஞ்சரலாம்" என்றுதான் எந்தப் பட்டறைக்காரரும் சொல்வார். புதியது பொருந்தி உட்காரும்வரை பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

பெயின்டும் அப்படித்தான். கிரைண்டரை வைத்து ஒரேயடியாகச் சுரண்டாதீர்கள். 1972-ல் கோவையில் அரசின் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது தனியார் வண்டிகள் பல அதற்குக் கைமாறின. மேல் பூச்சுக்கு அடியில் பழைய கம்பெனிப் பெயரோ ஊர்ப் பெயரோ இருக்கலாம். ஓர் ஓரத்தில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள், எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த கட்டம் இதுதான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்பதால் தூசு பறக்கவிடக் கூடாது, மாஸ்க் அவசியம்.

துருவின் மேல் பட்டி பூசி மறைத்தால் அது உள்ளுக்குள் தின்றுகொண்டே போகும். அலுமினிய ஷீட் இரும்புச் சட்டத்தை நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். அதனால் இடையில் பிரைமரும் ரப்பர் பட்டையும் கொடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். அப்புறம், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆர்.சி. விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-ல் வந்த மத்திய அரசு விதி இருசக்கர வாகனங்களுக்கும் கார் வகைக்கும்தான். பஸ்ஸுக்கு அது பொருந்தும் என்று நம்பிப் பணத்தைப் போடாமல், வண்டியை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.