இடுப்பு திடீரென்று பிடித்துக்கொண்டால்: முதல் பத்து நிமிடம் முதல் மறுபடி பெட்டி தூக்கும் நாள் வரை

ஜூன் மாதம், பெங்களூரா காய் இறங்கும் நேரம். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்பில், இருபது கிலோ மாங்காய்ப் பெட்டி ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து, கால்களை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி வண்டியில் வைக்கப் போனேன். உள்ளே ஏதோ 'சடக்' என்றது. அதன்பிறகு நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வில்லாக வளைந்து வண்டியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கால் மணி நேரத்துக்குள் தோப்பில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டார்கள். வாயுப் பிடிப்பு, பூண்டு தின்றால் சரியாகும் என்றார் காவல்காரர். கால் முன்னே வந்து பிறந்தவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், அவரைக் கூட்டிவந்து இடுப்பில் மிதிக்கச் சொல்லலாம் என்றார் சித்தப்பா. "டிஸ்க் நகர்ந்துவிட்டது அண்ணா, இனி ஆபரேஷன்தான்" என்றான் வண்டி ஓட்டும் தம்பி. நான் பயந்தது அவன் சொன்னதற்குத்தான். அந்தப் பயத்தில் ஆறு நாள் கட்டிலைவிட்டு இறங்காமல் படுத்துக் கிடந்தேன். மற்ற தவறுகளையெல்லாம்விடப் பெரிய தவறு அதுதான்.

நான் மருத்துவன் அல்ல. எலும்பு மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் எனக்குச் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறேன்.

முதல் படி: விழுந்தீர்களா, பிடித்துக்கொண்டதா?

மற்ற படிகளுக்குப் போவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்கு விடை வேண்டும். மாமரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ விழுந்தவர், புளி உலுக்கக் கிளையேறித் தவறியவர், பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்டவர் ஆகியோருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர்களுக்கு முதுகெலும்பு முறிந்திருக்கக்கூடும். கைத்தாங்கலாக எழுப்பி உட்கார வைப்பது, ஆட்டோவில் மடக்கி ஏற்றுவது இரண்டும் ஆபத்து. கிடந்த இடத்திலேயே அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். வயதானவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் என்றால் வழுக்கி உட்கார்ந்தாலே எலும்பு நொறுங்கியிருக்கலாம்.

தூக்கும்போதோ, குனியும்போதோ, தும்மும்போதோ பிடித்துக்கொண்டதென்றால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: நான்கு கேள்விகள்

கீழ் முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. தண்டுவடம் அவற்றில் முதல் இரண்டின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. சிறுநீர், மலம், கால்களின் அசைவு எல்லாவற்றுக்குமான நரம்புகள் அந்தக் கற்றையில்தான் இருக்கின்றன. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க் என்பது இதைத்தான்) பிதுங்கி அதை நசுக்கினால் நாள் கணக்கில் காத்திருக்க முடியாது. ஆகவே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்:

சிறுநீர் கழிப்பதில் சிக்கல் இருக்கிறதா? முட்டிக்கொண்டு நின்றும் வராமலிருந்தாலோ, தெரியாமல் கசிந்தாலோ உடனே மருத்துவமனை.

சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படும் இடங்கள், அதாவது தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும், மரத்துப்போயிருக்கின்றனவா?

பாதம் தொங்குகிறதா? குதிகாலை ஊன்றி விரல்களை மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டு கால்களும் சேர்ந்து வலுவிழந்தால் இன்னும் மோசம்.

காய்ச்சல் இருக்கிறதா? முன்பு புற்றுநோய் வந்ததுண்டா? காரணமில்லாமல் எடை குறைகிறதா?

முதல் மூன்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், நள்ளிரவாக இருந்தாலும் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். விடிந்ததும் பார்க்கலாம் என்று இருப்பவர்கள் சிறுநீர்க் கட்டுப்பாட்டை நிரந்தரமாக இழக்கக்கூடும். நான்காவதற்கு 'ஆம்' என்றால் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்குக்கும் 'இல்லை' என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். இப்படிப் பிடித்துக்கொள்ளும் இடுப்புகளில் மிகப் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். அந்த நேரத்து வலியைப் பார்த்தால் நம்பத் தோன்றாது. ஆனால் வலியின் அளவும் காயத்தின் அளவும் ஒன்றல்ல. சிறு நாரில் ஏற்பட்ட கிழிசலுக்குக்கூட முதுகின் தசைகள் எல்லாம் ஒன்றாக இறுகிக் காவல் நிற்கும். நம்மைக் குனிந்த நிலையிலேயே பூட்டிவைப்பது அந்த இறுக்கம்தான்.

மூன்றாம் படி: முதல் சில மணி நேரம்

யாரையும் மிதிக்கவோ, இழுக்கவோ, சொடுக்கெடுக்கவோ விடாதீர்கள். சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, கெண்டைக்கால்களைப் பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் வையுங்கள். இடுப்பும் முழங்காலும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்க வேண்டும். தோப்பில் நாற்காலி இல்லாததால் எனக்கு இரண்டு காலிப் பெட்டிகளை அடுக்கிவைத்தார்கள். பத்து நிமிடத்தில் மூச்சு சீரானது. ஒருக்களித்துப் படுக்க விரும்பினால் முழங்கால்களுக்கு இடையில் தலையணை ஒன்று வையுங்கள்.

ஒத்தடத்துக்கு நம் வீடுகளில் வழி நிறைய இருக்கிறது: வாணலியில் சூடாக்கித் துணியில் முடிந்த கல்லுப்பு, தவிடு, நொச்சி இலை. எதுவானாலும் வேலை செய்வது சூடுதான். இறுகிய தசை அதில் இளகும். பதினைந்து, இருபது நிமிடம் போதும். சர்க்கரை நோயால் தோல் உணர்வு குறைந்தவர்கள், சூட்டை வேறொருவர் கையில் வைத்துப் பார்த்தபிறகே வைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் கட்டியால் சுகம் கிடைக்கிறதென்றால் முதல் ஓரிரு நாள் அதையும் வைக்கலாம், தோலில் நேரடியாகப் படாமல்.

நான்காம் படி: எழுவதும் கழிப்பறைக்குப் போவதும்

இதை யாரும் எழுதுவதில்லை. முதல் மூன்று நாள் உண்மையான போராட்டம் இதுதான்.

மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காரப் பார்த்தால் உயிர் போகும். முழங்கால்களை மடித்து, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி மரக்கட்டையைப் போல ஒரு பக்கமாக உருளுங்கள். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கீழ்ப்பக்க முழங்கையாலும் மறு கையாலும் ஊன்றித் தள்ளி எழுங்கள். கால்களின் கனமே உடலின் மேல்பாதியைத் தூக்கிவிடும். படுப்பதற்கு இதே முறை தலைகீழாக. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வதால் அதிலிருந்து எழுவது கடினம். கட்டாந்தரையில் பாய் போட்டுத்தான் படுக்க வேண்டும் என்பார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை, தரையிலிருந்து எழுவது இரட்டிப்பு வேலை. மரக்கட்டிலும் ஒரு பஞ்சு மெத்தையும் போதும்.

குந்தி உட்காரும் கழிப்பறையில் உட்கார்ந்துவிடலாம், எழ முடியாது. நடுவில் ஓட்டை உள்ள கழிப்பறை நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும். பக்கத்தில் யார் வீட்டிலாவது முதியவருக்கு வாங்கியது சும்மா கிடக்கும், வெட்கப்படாமல் கேளுங்கள். மலச்சிக்கல் வரவிடாதீர்கள். முக்கினால் வலி மின்னல் மாதிரி அடிக்கும், படுக்கையும் சில வலி மாத்திரைகளும் குடலை வேறு கட்டிப்போடும். தண்ணீர், கீரை, வாழைப்பழம், ராகிக் களி. இந்த விஷயத்தில் நம் ஊர்ச் சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: இரண்டாம் நாளே நடக்கத் தொடங்குங்கள்

நான் தோற்றது இங்கேதான். 'பெட் ரெஸ்ட்' என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதித் தந்தார்கள். இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைக் கைவிட்டுவிட்டன. படுத்தே கிடப்பவர்களைவிட, முடிந்த அளவு நடமாடுகிறவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். படுத்திருந்தால் தசை இளைக்கும், மூட்டுகள் விறைக்கும், மனமும் வலி ஒன்றையே எண்ணிக்கொண்டிருக்கும். ஆறு நாள் கழித்து நான் எழுந்தபோது இடுப்பைவிடக் கால்கள்தான் அதிகமாக நடுங்கின.

இரண்டாம் நாள் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை போதும். மறுநாள் வாசல் வரை, அதற்கு மறுநாள் தெருமுனை வரை. நடந்தபின் வலி சற்றுக் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அந்த அளவு சரி. மறுநாள் காலையிலும் கூடுதலாகவே இருந்தால் பாதியாகக் குறையுங்கள். நிறுத்திவிடாதீர்கள்.

வலி இடத்தையும் கவனியுங்கள். பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கிய வலி, நாளாக ஆக மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல அறிகுறி. மாறாகக் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் இறங்கிக்கொண்டே போனால், செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நடப்பதைவிட உட்காருவதுதான் பெரும்பாலானவர்களுக்குக் கடினம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். பஸ்ஸில் போக நேர்ந்தால் கடைசி இருக்கை வேண்டாம், நடுவில் உட்காருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருப்பவருக்கு ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு அடி.

ஆறாம் படி: மாத்திரை

பாராசிட்டமால் எல்லா வலிக்கும் மருந்து என்று நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட இடுப்புவலிக்காரர்களிடம் அதைச் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பாராசிட்டமால் சாப்பிட்டவர்களிலும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் பாதிப் பேர் ஏறத்தாழ ஒரே நேரத்தில், இரண்டரை வாரத்துக்குள், தேறிவிட்டார்கள்.

ஐபுப்ரோபன், டைக்ளோபினாக் போன்றவை ஓரளவு உதவும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மருந்துக் கடையில் "இடுப்பு வலிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் பெயர் தெரியாத பொட்டலத்தில் ஒரே மருந்து இரண்டு வடிவில் இருக்கலாம். அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: ஸ்கேன்

நான் போன இடம் ஒன்றில், வலி தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்' என்றிருந்தது. வீடே இழவு வீடானது. இடுப்பு வலியே இல்லாதவர்களைப் படம் பிடித்தாலும் இருபது வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதில் 84 சதவீதத்தினருக்கும் ஜவ்வுப் பிதுக்கம் தெரியும் என்பதை நான் பிறகுதான் படித்தேன். தலை நரைப்பதைப் போல அதுவும் ஒரு வயது அடையாளம். இரண்டாம் படியில் சொன்ன அபாயக் குறிகள் இல்லையென்றால் முதல் ஆறு வாரத்துக்கு ஸ்கேன் பெரும்பாலும் தேவையில்லை. உண்மையாகவே பிதுங்கிய ஜவ்வைக்கூடப் பல நேரங்களில் உடல் தானே கரைத்துவிடுகிறது.

எட்டாம் படி: பயிற்சி

இரண்டாம் வாரத்திலிருந்து, வலி அனுமதிக்கும் அளவில் மூன்றே மூன்று.

மல்லாந்து முழங்கால் மடித்து, இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை வயிற்றுத் தசையால் அழுத்தி மூடி, ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை.

அதே நிலையில் பிட்டத்தைப் பாலம் போல் உயர்த்தி இறக்குங்கள். இதுவும் பத்து.

பிறகு குழந்தை தவழ்வதைப் போலக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் ஒன்றாக நீட்டி, முதுகில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தாலும் சிந்தாதபடி ஐந்து எண்ணுங்கள். பக்கம் மாற்றுங்கள். மூன்றிலும் பயன் மிகுந்தது என்று நான் நினைப்பது இதுதான்.

எழுந்தவுடனே இவற்றைச் செய்ய வேண்டாம். இரவெல்லாம் படுத்திருக்கும்போது ஜவ்வுகள் நீரை உறிஞ்சிப் புடைக்கின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் ஜவ்வின்மேல் அழுத்தம் அதிகம். வாசல் பெருக்கிக் கோலம் போடுகிறவர்கள் நீளக் கைப்பிடித் துடைப்பத்துக்கு மாறுங்கள், கோலத்தைச் சில வாரம் வேறு யாராவது போடட்டும்.

ஆறு வாரமாகியும் தேறவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: மறுபடி தூக்குவது

முதலில் காலிப் பெட்டி. பிறகு கால் பங்கு, அரைப் பங்கு, இப்படி வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். பெட்டியை வயிற்றோடு ஒட்டிப் பிடியுங்கள். கையை நீட்டித் தூக்கினால் அதே எடை முதுகுக்குப் பல மடங்காகிறது. திரும்ப வேண்டுமானால் பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புங்கள், இடுப்பைத் திருகாதீர்கள். என்னை வீழ்த்தியது எடையைவிட அந்தத் திருகல்தான்.

இன்னொன்று, அடுத்த பருவத்தில் நாங்களாகவே கண்டுபிடித்தது. காய் நிரப்பும் பெட்டியைத் தரையில் வைப்பதில்லை. காலிப் பெட்டிகள் இரண்டைக் கவிழ்த்து அடுக்கி, அதன்மேல் வைத்து நிரப்புகிறோம். தூக்கும் நேரத்தில் பெட்டி முழங்காலுக்கு மேலேயே இருக்கிறது, தரைவரை குனியும் வேலை இல்லை. காவல்காரர் முதலில் சிரித்தார். இப்போது அவர் தண்ணீர்க் குடத்தையும் திண்ணைமேல் வைத்துத்தான் தூக்குகிறார்.