போனைப் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள்

இவர் எந்த மொழி படிப்பார், எதைத் தேடுவார், இவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று ஒவ்வொரு ஆப்பும் உள்ளுக்குள் ஒரு கணிப்பு வைத்திருக்கும். அதற்குத்தான் பயனர் மாதிரி என்று பெயர். காட்பாடியில் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் தொடங்கிப் பெரிய நிறுவனங்கள் வரை, அதைக் கட்டும்போது ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

மிகப் பெரிய தவறு, ஒரு போன் என்றால் ஒரு ஆள் என்று எண்ணுவது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் அம்மா முறத்தை மடியில் வைத்து இலை சுருட்டும்போது பக்கத்தில் பழைய பாட்டு ஓடும். பள்ளிவிட்டு வந்த மகள் அதே போனில் பத்தாம் வகுப்புக் கணக்குப் போடுவாள். ராத்திரி அது தம்பி கைக்குப் போய்விடும், கிரிக்கெட். மூவரையும் ஒன்றாகக் குழைத்தால் கிடைப்பது அந்த வீட்டிலேயே இல்லாத நாலாவது ஆள்.

பாடம் சொல்லித்தரும் ஆப் என்றால் சேதம் இன்னும் அதிகம். கார்பெட், ஆண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் வகுத்த முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. மாணவர் சொல்லும் ஒவ்வொரு விடைக்கும், அவருக்குப் பாடம் தெரிந்திருக்கும் வாய்ப்பை அது ஏற்றி இறக்கும். தெரிந்தும் கைதவறுவது, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்வது, இரண்டுக்கும் அதில் இடம் உண்டு. விடையைத் தட்டியது வேறு ஆள் என்பதற்கு இடமே இல்லை. தம்பி விளையாட்டாகத் தட்டியதெல்லாம் அக்கா தலையில் விழும். ஆப்பைத் திறந்ததும் இரண்டு மூன்று படங்களைக் காட்டி "இப்போ யார்?" என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பாஸ்வேர்டு கேட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

அடுத்தது, ஊரை வைத்து மொழியை முடிவுசெய்வது. வேலூர் என்றதும் தமிழைத் திணிக்கிறார்கள். சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் தங்குபவர்களில் மேற்கு வங்கம், ஜார்க்கண்டிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் ஏராளம். அங்கே கடை போர்டுகளிலேயே வங்காள எழுத்தைப் பார்க்கலாம். ஆம்பூர், வாணியம்பாடியில் வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். காதால் கேட்க ஒரு மொழி, கண்ணால் படிக்க ஒரு மொழி என்று தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவருக்கு இங்கிலீஷில் பதில் தருவதும் இதே ரகம்.

முதல்நாள் ஆளைத் தெரியாதபோது பொதுவான ஒரு வார்ப்பில், அதாவது இந்த வகை ஆட்களுக்கு இதெல்லாம் பிடிக்கும் என்ற ஊகத்தில், தொடங்குவது தப்பில்லை. 1979இல் கணினி ஆய்வாளர் எலைன் ரிச் வெளியிட்ட கட்டுரையில் வரும் கிரண்டி என்ற அமைப்பு, வாசகர் தன்னைப் பற்றிச் சொன்ன சில சொற்களைக் கொண்டு அவரை ஒரு வார்ப்பில் வைத்து நாவல் பரிந்துரைத்தது. ஆனால் ஒவ்வொரு ஊகத்தையும் எவ்வளவு நம்பலாம், அது எதிலிருந்து வந்தது என்பதையும் குறித்து வைத்தது. வாசகர் மறுத்தால் ஊகத்தைத் திருத்தியது. இன்று பலர் வார்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தத் திருத்தத்தை விட்டுவிடுகிறார்கள்.

கணிப்புக்குக் காலக்கெடு வைக்காததும் கொடுமைதான். அப்பாவின் ஆபரேஷனுக்காக வந்தவர் சில வாரம் லாட்ஜும் மருந்தும் தேடுவார். ஊர் திரும்பிய பிறகும் அதே மருந்து விளம்பரம் துரத்தினால் அந்த வீட்டில் எப்படி இருக்கும்? நோய் சார்ந்த தேடலை மாதிரியில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி. குழந்தைகள் விஷயத்தில் சட்டமே இருக்கிறது: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் பொதுவாகத் தடுக்கும் பிரிவு உண்டு.

கடைசியாக, கணிப்பைப் பூட்டி வைப்பது. பயனர் தன் மாதிரியைத் தானே பார்த்துக் கேள்வி கேட்க முடியவேண்டும் என்று சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜூடி கே பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறார். ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழே "ஏன் இது?" என்ற பட்டன் வையுங்கள், பக்கத்திலேயே "இது நான் இல்லை" என்று ஒன்று. இரண்டாவதை அழுத்திவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். பழைய பரிந்துரையே வந்தால், அழித்த கணிப்பின் நகல் டேட்டாபேஸில் வேறொரு டேபிளில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.