பழைய ஜன்னலைச் சுரண்டும் முன்

கொழிஞ்சாம்பாறையில் 22 வருடமாகப் பெயிண்ட் அடிக்கிறேன். ஓணத்துக்கு முந்தைய மாதம் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த அவசரத்தில் எத்தனையோ பழைய ஜன்னல்களை உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்திருக்கிறேன். அதே சட்டையோடு வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கியிருக்கிறேன். இப்போது அவள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். "அப்பா, அந்தத் தூசியில ஈயம் இருந்திருக்கும்" என்று அவள்தான் சொன்னாள்.

பழைய எனாமல் பெயிண்டில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சையில் ஈயம் அதிகமாக இருக்கும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது.

அதனால் முதலில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாய், தலையணை, பாத்திரம் எல்லாம் வெளியே. ஃபேனையும் அந்த அறையின் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். ஜன்னலுக்குக் கீழே கனமான பிளாஸ்டிக் விரித்து ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். முகத்துக்கு என்95 மாஸ்க். கைக்குட்டை கட்டினால் போதாது. தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் அடித்து, பெயிண்ட் நனைந்த பிறகே சுரண்டுங்கள். காய்ந்தால் மறுபடி அடியுங்கள். நேரம் இரட்டிப்பாகும், கூலியும் கூடும். வீட்டுக்காரர் முணுமுணுத்தால் காரணத்தைச் சொல்லுங்கள். தீ வைத்து உரிக்கவே வேண்டாம், புகையிலும் ஈயம் வரும்.

முடிந்ததும் துடைப்பத்தைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக்கை உள்பக்கமாக மடித்துக் கட்டுங்கள். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி வைத்துக்கொண்டு, ஜன்னல் படியில் தொடங்கித் தரைவரை இரண்டு மூன்று தடவை துடையுங்கள். ஜன்னல் கதவு வந்து மூடும் அந்தப் பள்ளத்தில்தான் தூசி அதிகம் தங்கும்.

நம் நாட்டில் 2016 விதிப்படி புதிதாக விற்கும் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது 10 லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது. டப்பாவில் அதைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அது டப்பாவுக்கு உள்ள விதி. வீட்டில் ஏற்கெனவே ஒட்டியிருப்பதற்கு இல்லை. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் துறை தூசிக்கே விதி வைத்திருக்கிறது. ஈயம் அகற்றிய வீட்டில் ஒரு சதுர அடித் தரையில் 10 மைக்ரோகிராம் என்றிருந்த அளவை 2024 அக்டோபரில் 5 ஆக்கினார்கள். ஜன்னல் படிக்கு 100-லிருந்து 40. ஓரடி டைல்ஸில் ஒரு கிராமின் 10 லட்சத்தில் 5 பங்கு! அந்த விதியை நாடாளுமன்றம் வழியாகவே ரத்து செய்ய அங்கே சிலர் முயன்றார்கள் என்று மகள் சொன்னாள். அங்கே 1996-ல் வந்த ஒரு சட்டப்படி, இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை கிடைத்து அதிபரும் கையெழுத்துப் போட்டால் விதி போய்விடும். புதுச் சட்டம் வராமல் அதே மாதிரி விதியை அந்தத் துறை மறுபடி கொண்டுவரவும் முடியாது. எனக்கு மனசு ஆறவில்லை. ஜன்னல் படியைத் துடைத்த துணியை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்த 5-ஐக் கெடுபிடி என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, கடைசி வேலை. துடைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், சுரண்டியதை எரிக்காதீர்கள். வேலைச் சட்டையை அங்கேயே கழற்றிப் பையில் கட்டி, வீட்டில் தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.