ஸ்ப்ரே ஃபோமும் பக்கத்து அறைச் சத்தமும்: இடுக்குக்கு அடியுங்கள், சுவருக்கு வேண்டாம்

ஸ்ப்ரே ஃபோம் என்பது கேனிலிருந்து அடித்ததும் உப்பிக் கெட்டியாகும் நுரை. பக்கத்து அறைச் சத்தத்தை நிறுத்த அதைச் சுவருக்குள் நிரப்பலாம் என்று கேன் வாங்கக் கிளம்பும் முன் ஒரு சின்னக் கணக்கு. 3 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரம் உள்ள ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன். உள்ளே 9 செ.மீ. வெற்றிடம். அதை நிரப்பச் சுமார் 730 லிட்டர் ஃபோம் வேண்டும். 750 மி.லி. கேன் ஒன்று நன்றாக உப்பினால் 30 லிட்டர் தரும் என்று வைத்துக்கொண்டாலும் 24 கேனுக்கு மேல் ஆகிறது. அவ்வளவையும் அடித்தபின் குறையும் சத்தம் சில டெசிபல்தான்.

காரணம், ஃபோமுக்கு கிட்டத்தட்ட எடையே இல்லை. பேச்சுச் சத்தத்தைத் தடுப்பது சுவரின் எடை. எடை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். ஃபோம் அடைப்பது காற்றை. காற்று நுழையும் இடுக்கில் சத்தமும் நுழையும் என்பதால் அங்கே மட்டும் அது கெட்டிக்காரத்தனமான பொருள். ஒரு பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், மீதி என்ன கனமாக இருந்தாலும், 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவின் அடியில் 2 செ.மீ. சந்து இருந்தாலே கிட்டத்தட்ட அந்த 1 சதவீதம் வந்துவிடும்.

மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம், காலடிச் சத்தம் இவற்றுக்கு ஃபோம் உதவாது. அவை கான்கிரீட் வழியாக வருபவை.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவரை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் பென்சிலால் குறி வையுங்கள். வளைந்து வரும் ஓட்டையில் வெளிச்சம் தெரியாது. அதற்கு அந்தப் பக்கம் பாட்டு ஓடவிட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்துச் சுவரோரமாக நகர்த்துங்கள். வழக்கமான இடங்கள்: கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே, சுவர் கூரையைத் தொடும் கோடு, ஏசி குழாய் போகும் துளை, சுவிட்ச் பாக்ஸ்.

வாங்க வேண்டியது

கதவு, ஜன்னலுக்குக் குறைவாக உப்பும் வகைதான். கேனில் அதற்கென்றே எழுதியிருக்கும். ஸ்ட்ரா வைத்த கேனைவிட, கன்னில் (விசை அழுத்தி ஃபோம் அடிக்கும் துப்பாக்கி) திருகும் கேனையே சொல்வேன். ஸ்ட்ரா ஒரு முறை பயன்படுத்தியதும் அடைத்துக்கொள்ளும். கன்னில் கேனைக் கழற்றாமல் விட்டால் சில வாரம் கழித்தும் வேலை செய்யும். கூடவே ஒரு கிளீனர் கேன், தண்ணீர் ஸ்ப்ரேயர், நீண்ட பிளேடு கத்தி, அக்கூஸ்டிக் சீலன்ட் (காய்ந்தபின்னும் ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசை). காயாத ஃபோமை அசிட்டோன் கரைக்கும். காய்ந்துவிட்டால் சுரண்டத்தான் வேண்டும். கையில் ஒட்டியதும் அப்படியே. கையுறை, கண்ணாடி கட்டாயம். காயும்வரை ஐசோசயனேட் ஆவி வரும் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும், ரசாயன ஆவிக்கான மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் பயன்படாது. கேனில் உள்ள வாயு தீப்பிடிக்கக் கூடியது, பக்கத்தில் நெருப்பே கூடாது.

அடிப்பது

தூசியைத் துடைத்து, இடுக்கில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். கேனை அரை நிமிடம் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து, ஆழத்திலிருந்து வெளிநோக்கி அடியுங்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை நிரம்பினால் போதும், மீதிக்கு அதுவே உப்பி வரும்.

பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக. கேன் ஃபோம் காய்வது காற்றிலுள்ள ஈரத்தால். ஆழமான குழியில் ஒரே மூச்சில் அடித்தால் மேலே தோல் கட்டிவிடும், ஈரம் உள்ளே இறங்காது. வெளியே தொட்டால் கெட்டி. நடுவில் பிசுபிசுவென்று கூழ். சில நாளில் அது அமுங்கி உள்ளே பொந்து விழும், அல்லது மெதுவாக உப்பிப் பூச்சைத் தள்ளும். 3–4 செ.மீ. கனத்துக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். ஒரு அடுக்கு, அரை மணி நேரம், மறுபடி தண்ணீர்த் தெளிப்பு, அடுத்த அடுக்கு. பார்ட்டிஷனில் துளை போட்டுச் சாதாரணக் கேன் ஃபோமைச் செலுத்தக் கூடாது என்பதற்கும் இதே காரணம். கூடவே போர்டும் வயிறு தள்ளிவிடும்.

கதவு நிலைக்கு இன்னொரு ஆபத்து: உப்பும் ஃபோம் நிலையை உள்ளே வளைத்தால் கதவு சாத்தாது. மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் நிலைக்குக் குறுக்கே மரத்துண்டு முட்டுக் கொடுத்துவிட்டு அடியுங்கள். அந்த முட்டுக் கட்டைகளை 24 மணி நேரம் எடுக்க வேண்டாம். 15 மி.மீ. இடுக்கு, 10 செ.மீ. ஆழமுள்ள ஒரு கதவுக்கு ஏறக்குறைய 8 லிட்டர் ஃபோம் போகும். சேதாரம் போக ஒரு கேனில் இரண்டு, மூன்று கதவு முடிக்கலாம்.

காய்ந்தபின் பிதுங்கியதைச் சுவர் மட்டத்துக்குச் சீவாமல், 6–8 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். சீவிய முகத்தில் தோல் போய் நுண்துளைகள் திறந்திருக்கும். அந்தப் பள்ளத்தை அக்கூஸ்டிக் சீலன்ட்டால் நிரப்பினால்தான் அடைப்பு முழுமையாகும். இதைச் செய்யாமல் "ஃபோம் அடித்தும் கேட்கிறது" என்பவர்கள் நிறைய.

சுவிட்ச் பாக்ஸுக்கு மெயினை அணைத்துவிட்டு வெளிச்சுற்றில் மட்டும் அடியுங்கள். பாக்ஸுக்குள் ஒரு துளிகூடப் போகக் கூடாது. கை நுழையும் அளவு துளைக்கு ஃபோம் மட்டும் போதாது. சிமென்ட் கலவையால் அடைத்து ஓரத்துக்குச் சீலன்ட். அதிரும் குழாய் என்றால் முதலில் ரப்பர் உறை சுற்றுங்கள், இல்லாவிட்டால் அதிர்வு நேரே சுவருக்குப் போகும். கதவின் அடிச் சந்துக்கு ஃபோம் அல்ல, கதவு மூடும்போது இறங்கும் ரப்பர் சீல்.

புதிதாகப் பார்ட்டிஷன் எழுப்பினால்

போர்டு மூடும் முன் ஆள் வைத்து இரண்டு ரசாயனம் கலந்து அடிக்கும் ஃபோமைப் போடலாமா என்று கேட்பதுண்டு. போட்டால் ஓப்பன் செல் (நுண்ணறைகள் திறந்திருக்கும் வகை) மட்டும். கன மீட்டருக்கு சுமார் 8 கிலோ, அமுக்கினால் ஸ்பாஞ்ச் போல அமுங்கும். 32 கிலோ க்ளோஸ்டு செல் (நுண்ணறைகள் மூடிய வகை) வெப்பத்துக்கு நல்லது, சத்தத்துக்கு ஆகாது: கட்டை போல இறுகி இரு பக்கப் போர்டையும் ஒன்றாகப் பிணைக்கும், அதிர்வு தாண்டிவிடும். ஒயர்களைக் குழாயில் விட்டபின் அடிக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரம் வீட்டில் யாரும் இருக்க வேண்டாம். மீன் வாடை நாள் கணக்கில் நின்றால் கலவை விகிதம் தவறியிருக்கிறது.

என் ஓட்டு ராக்வூலுக்குத்தான் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு). சத்தத்தில் ஓப்பன் செல்லுக்குக் குறைவில்லை, எரியாது, ஒயர் மாற்ற உருவி எடுக்கலாம். ஃபோமுக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டாவது 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு போடுங்கள், இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல். போர்டுக்கும் தரைக்கும் கூரைக்கும் நடுவே 6 மி.மீ. விட்டு அங்கே சீலன்ட்; ஃபோம் இறுகிப்போவதால் அந்த இடத்துக்குச் சரிவராது.

பின்னர் சேர்த்தது: முட்டை அட்டை வடிவ ஸ்பாஞ்சைச் சுவரில் ஒட்டினால் போதாதா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், பக்கத்து அறைச் சத்தத்தை அல்ல. இன்னொன்று: தெரியும்படி விட்ட ஃபோம் வெயிலில் பழுப்பேறி உதிரும், தீயும் பிடிக்கும். இடுக்கில் அடித்ததைச் சீலன்ட், பூச்சு, மரச்சட்டம் இவற்றால் மூடுங்கள். பரப்பாக அடித்த இடத்தில் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு.