புது லேப்டாப்பில் பச்சைக் கோடு: என் அனுபவம்

தங்கையின் கல்லூரிப் படிப்புக்காக வேலூரில் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினோம். காட்பாடி வீட்டுக்கு வந்த ஆறாம் நாள், திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பச்சைக் கோடு. சில நேரம் மறையும், அப்புறம் திரும்ப வரும். அவள் முகம் வாடிவிட்டது.

கடைக்குப் போன் செய்தால், "டிரைவர் அப்டேட் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்றார்கள். டிரைவர் என்பது திரை போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். அதை அப்டேட் செய்தேன், கோடு போகவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கோடு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பினேன். அதில் கோடு இல்லை. ஸ்கிரீன்ஷாட்டில் பதிவாவது திரைக்குப் போவதற்கு முந்தைய படம். படத்தைக் காட்டும் பாகமான பேனலின் கோளாறு அதில் வராது. ஹெச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்தேன், அங்கேயும் சுத்தம். விண்டோஸும் அதன் டிரைவரும் தொடங்கும் முன்பே, லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையிலும் கோடு வந்தது. அப்புறம் டிரைவர் மேல் எப்படிப் பழி போடுவது? மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தபோதுதான் பிடி கிடைத்தது: ஒரு கோணத்தில் கோடு மறைந்தது. கீல் வழியாகப் பேனலுக்குப் போகும் கேபிள் மேல் சந்தேகம் வந்தது.

திறந்து பார்க்கக் கை பரபரத்தது. வாரண்டியை நினைத்து விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவதாக இருந்தேன், தேவைப்படவில்லை. கேபிளை இலவசமாக மாற்றினார்கள். எதை மாற்றினார்கள் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.